அமெரிக்கக் கவுன்டிகள் அவசரப் பணியாளர்களுக்கு மரியாதை செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவுன்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரியா?

வரைபடத்தில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். நிர்வாகத்தில் ரொம்பவே வேறு. மேலிடத்திலிருந்து நியமிக்கப்பட்டு வரும் கலெக்டர் அங்கே கிடையாது. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு குழுதான் கவுன்டியை ஆள்கிறது. கலிபோர்னியாவில் அதற்கு போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ் என்று பெயர். டெக்சாஸில் கமிஷனர்ஸ் கோர்ட். பெயரில் கோர்ட் இருந்தாலும் வேலை பட்ஜெட், சாலை, சம்பளம்தான். பெரும்பாலான இடங்களில் கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃபும் தனியாகத் தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர். போர்டு அவருக்குப் பணம் ஒதுக்கலாம். அவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது.

நாடு முழுவதும் சுமார் 3,000 கவுன்டி அரசுகள் இருக்கின்றன. லூசியானாவில் பாரிஷ், அலாஸ்காவில் பரோ என்று பெயர் மாறும். கனெக்டிகட், ரோட் ஐலண்ட் இரண்டிலும் கவுன்டி என்ற எல்லைக்கோடு மட்டும் உண்டு, அரசு கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வசிக்கிறார்கள். டெக்சாஸின் லவிங் கவுன்டியில் 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி 64 பேர். இரண்டும் கவுன்டி அரசுகள்தான்.

911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்ததும் வருகிறவர்கள் எல்லாரும் கவுன்டி ஊழியர்களா?

இல்லை. வாசலில் வந்து நிற்கும் தீயணைப்பு வண்டி நகராட்சியுடையதாக இருக்கலாம். தனி வரி வசூலிக்கும் தீயணைப்பு மாவட்டத்துடையதாக இருக்கலாம். சம்பளமே வாங்காத தன்னார்வலர்களுடையதாகவும் இருக்கலாம். ஆம்புலன்ஸை கவுன்டியோடு ஒப்பந்தம் போட்ட ஒரு தனியார் கம்பெனி ஓட்டிக்கொண்டிருக்கலாம். நகர எல்லைக்குள் போலீஸ், எல்லையைத் தாண்டினால் ஷெரிஃபின் டெபுட்டி எனப்படும் காவலர்.

பல ஊர்களில் கவுன்டியின் நேரடிப் பொறுப்பில் இருப்பது ஷெரிஃப் அலுவலகம், சிறை, 911 அழைப்பு மையம், பேரிடர் மேலாண்மை, பொதுச் சுகாதாரம், சாலைப் பராமரிப்பு ஆகியவை. ஆனாலும் போர்டு மேடையேற்றிப் பாராட்டும்போது யார் சம்பளப் பட்டியலில் யார் பெயர் என்று பார்ப்பதில்லை. ஒரு விபத்தில் நான்கு அமைப்புகள் சேர்ந்து வேலை பார்த்திருந்தால், நான்கு நிற யூனிஃபார்மும் ஒரே வரிசையில் நிற்கும்.

சரி, பாராட்டு என்றால் நடைமுறையில் என்ன நடக்கிறது?

பெரும்பாலும் ஒரு பிரகடனம். போர்டின் வழக்கமான கூட்டத்தில், கொடி உறுதிமொழி முடிந்த கையோடு, முதல் அரை மணிக்குள் அது வந்துவிடும். ஓர் உறுப்பினர் மைக்கைப் பிடித்து வாசிப்பார். இன்னார் இன்ன சேவை செய்கிறார்கள் என்பதால், இந்தக் கவுன்டி மக்கள் அவர்களுக்குக் கடன்பட்டிருப்பதால் என்று ஐந்தாறு பத்திகள் போகும். கடைசியில், ஆகவே இந்த வாரத்தை இன்னாருக்கான வாரமாக அறிவிக்கிறோம் என்று முடியும். அப்புறம் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். துறைத் தலைவர் இரண்டு நிமிடம் பேசுவார். ஃபிரேம் போட்ட பிரகடனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொடிக்கு முன்னால் நின்று ஒரு படம். வந்தவர்களில் பாதிப் பேர் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருப்பார்கள். படம் எடுத்ததும் கிளம்பிவிடுவார்கள். போர்டு அடுத்த விஷயமான வடிகால் ஒப்பந்தத்துக்குப் போய்விடும்.

சில கவுன்டிகளில் இது வாசிக்கப்படுவதுகூட இல்லை. விவாதம் தேவைப்படாத தீர்மானங்களை ஒரே கட்டாக நிறைவேற்றும் வழக்கம் உண்டு. பிரகடனமும் அந்தக் கட்டில் போய்விடும்.

பிரகடனம் தவிர, பணிக்கால பின்கள் உண்டு. ஐந்து வருடம், பத்து, பதினைந்து என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒன்று. ஷெரிஃப் அலுவலகமும் தீயணைப்புத் துறையும் தனியாக விருது விழா நடத்தி வீரப் பதக்கம், உயிர்காப்புப் பதக்கம் கொடுப்பார்கள். சட்டப்படி பார்த்தால் பிரகடனத்துக்குச் சல்லிக்காசு மதிப்பில்லை. ஆனால் அது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறுகிறது. இருபது வருடம் கழித்தும் அந்தப் பெயரை அங்கே தேடி எடுக்கலாம்.

எந்த வாரம் யாருக்கு என்று எப்படி முடிவாகிறது?

தேசிய அளவில் ஒரு நாள்காட்டி இருக்கிறது. கவுன்டிகள் அதைப் பின்பற்றுகின்றன. ஏப்ரல் இரண்டாவது முழு வாரம், 911 அழைப்பை எடுத்து வண்டிகளை அனுப்பும் டிஸ்பேட்சர்களுக்கு. மே மாதத்தில் கூட்டம் நெரியும். முதல் வாரம் அரசு ஊழியர் பாராட்டு வாரம். இது 1985 முதல் நடக்கிறது. அதே வாரத்தில் சிறைக் காவலர்களுக்கும் ஒன்று உண்டு, 1984-இல் அதிபர் ரீகன் அறிவித்தது. மே 15 பணியில் இறந்த காவலர்களின் நினைவு நாள், அது 1962-இல் கென்னடி காலத்தில் வந்தது. மூன்றாவது வாரம் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு, 1974-இல் ஃபோர்டு அறிவித்தது. ஏறத்தாழ அதே சமயத்தில்தான் 1960-இல் தொடங்கிய பொதுப்பணி வாரமும் வரும். சாலை போடுகிறவர்கள், சாக்கடை பார்க்கிறவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். இவ்வளவும் போதாதென்று 2017-இல் அமெரிக்க செனட் அக்டோபர் 28-ஐ முதலில் ஓடிவரும் எல்லாருக்குமான நாளாகத் தீர்மானம் போட்டது.

இவையெல்லாம் வாஷிங்டனிலிருந்து இறங்கி வந்தவை என்று நினைக்க வேண்டாம். டிஸ்பேட்சர் வாரம் 1981-இல் கலிபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா கவுன்டி ஷெரிஃப் அலுவலகத்தில், அங்கே வேலை பார்த்த ஒரு பெண்மணியின் யோசனையாகத் தொடங்கியது. அங்கிருந்து மாநிலம் மாநிலமாகப் பரவி, நாடாளுமன்றம் வரை போனது.

டிஸ்பேட்சர்களைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு வாக்குவாதம்?

ஏனென்றால் அவர்கள் விஷயத்தில் பாராட்டும் அந்தஸ்தும் நேரெதிராக நிற்கின்றன.

முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில் நடந்தது. அப்போது அது வெறும் ஃபோன் எடுக்கும் வேலை. இன்றைய டிஸ்பேட்சருக்கு முன்னால் நான்கைந்து திரைகள் இருக்கும். ஒரு காதில் அழைப்பவரின் அலறல், மறு காதில் ரேடியோ. சமையலறையில் அப்பா விழுந்து கிடக்கிறார், மூச்சு இல்லை என்று மகள் கத்துகிறாள். முகவரி வாங்கி வண்டியை அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. "போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். அவரை மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்சு நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள், நான் எண்ணுகிறேன்" என்று நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் வருகிற தாளத்தில், ஆம்புலன்ஸ் ஆட்கள் கதவைத் திறக்கும் வரை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கதவு திறந்ததும் லைன் கட். அடுத்த அழைப்பு. அப்பா பிழைத்தாரா இல்லையா என்பது பெரும்பாலும் டிஸ்பேட்சருக்குத் தெரியவே வராது.

இப்படி வேலை பார்ப்பவர்களை மத்திய அரசின் தொழில் வகைப்பாடு அலுவலக நிர்வாக உதவியாளர்கள் என்ற பிரிவில் வைத்திருக்கிறது. போலீஸும் தீயணைப்பு வீரரும் பாதுகாப்புச் சேவைப் பிரிவில் இருக்கிறார்கள். இதை மாற்றச் சொல்லி '911 சேவ்ஸ்' என்ற மசோதா நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப அறிமுகமானது. மத்தியில் இழுத்தடித்த காலத்தில் டெக்சாஸ் 2019-லும் கலிபோர்னியா 2020-லும் தத்தம் சட்டத்தில் டிஸ்பேட்சரை முதல்நிலை மீட்பாளராகச் சேர்த்துக்கொண்டன. பல கவுன்டி போர்டுகளும் தங்கள் பங்குக்குத் தீர்மானம் போட்டன. என்னைக் கேட்டால், ஒரு கவுன்டி போடக்கூடிய தீர்மானங்களில் இதுதான் காகிதத்தைத் தாண்டி நிற்பது. வகைப்பாடு மாறினால் ஓய்வூதிய விதி, மனநல உதவி, பணி அதிர்ச்சிக்கான நஷ்டஈடு எல்லாவற்றையும் கேட்டு வாங்க ஒரு பிடி கிடைக்கும்.

விருதுகளில் எனக்குப் பிடித்ததும் இவர்களிடம்தான் இருக்கிறது. ஃபோன் வழியாகப் பிரசவம் பார்த்த டிஸ்பேட்சருக்கு நாரை உருவம் பொறித்த சின்ன பின் ஒன்று கொடுப்பார்கள். குழந்தையை நாரை தூக்கிக்கொண்டு வரும் என்பது மேலை நாட்டுக் கதை. ஆண் குழந்தை என்றால் நீலம், பெண் என்றால் இளஞ்சிவப்பு. ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் இது உண்டு.

கேடயம் எதற்கு? ரொக்கமாகக் கொடுத்துவிடலாமே?

நினைத்த மாத்திரத்தில் கொடுக்க முடியாது. செய்து முடித்த வேலைக்கு, ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் பணம் கவுன்டி தருவதை டெக்சாஸ் அரசியல் சட்டம் மூன்றாவது பிரிவின் 53-ஆம் விதி தடுக்கிறது. கலிபோர்னியாவிலும் பொதுப்பணத்தை அன்பளிப்பாகத் தரக்கூடாது என்ற தடை அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. வேண்டியவர்களுக்குக் கஜானாவைத் திறந்துவிட்ட பழைய காலக் கூத்துகளுக்குப் போட்ட பூட்டு அது. போனஸ் தர வேண்டுமென்றால் முன்கூட்டியே திட்டமாக, சம்பள விதியாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

வரியும் குறுக்கே வரும். பணமாகவோ கிஃப்ட் கார்டாகவோ கொடுத்தால் அது சம்பளக் கணக்கில் சேர்ந்துவிடும், பத்து டாலரானாலும். பணிக்காலத்துக்காகவோ பாதுகாப்பான வேலைக்காகவோ பொருளாகக் கொடுக்கும் விருதுக்கு வரம்புக்குள் விலக்கு உண்டு: சாதாரணமாக வருடத்துக்கு 400 டாலர், எழுத்துப்பூர்வமான திட்டம் இருந்தால் 1,600 டாலர் வரை. பணிக்கால விருதென்றால் முதல் ஐந்து வருடத்துக்குள் கொடுக்கக் கூடாது. கைக்கடிகாரமும் மரக் கேடயமும் அமெரிக்க அலுவலகங்களில் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இந்த வரிவிதியும் ஒரு காரணம்.

சம்பளமே வாங்காத தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கு என்ன செய்கிறார்கள்?

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தன்னார்வலர்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736-இல் ஃபிலடெல்ஃபியாவில் யூனியன் தீயணைப்புக் குழுவைத் தொடங்கிய நாளிலிருந்து வரும் மரபு இது. கிராமப்புறக் கவுன்டிகளில் பகலில் மரக்கடையில் வேலை பார்ப்பவர்தான் பேஜர் அலறியதும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார். இப்போது ஆள் கிடைப்பதில்லை. இளைஞர்கள் வேலை தேடி ஊரை விட்டுப் போகிறார்கள், பயிற்சி மணிநேரம் கூடிக்கொண்டே போகிறது. அதனால் இங்கே மரியாதை என்பது ஆளைத் தக்கவைக்கும் வழியாகவும் மாறிவிட்டது.

வருடாந்திர விருந்து, கேடயம் எல்லாம் வழக்கம்போல உண்டு. அவற்றைவிடக் கனமானவை இரண்டு. ஒன்று, பணிக்காலத்தைக் கணக்கிட்டு பிற்காலத்தில் சிறு தொகை தரும் திட்டம். ஒரு வீரருக்கு வருடத்துக்கு 3,000 டாலர் வரை சேர்க்கலாம் என்றிருந்த வரிச்சலுகை உச்சவரம்பை 2017 வரிச் சட்டம் 6,000 ஆக்கியது. மற்றது சொத்து வரிச் சலுகை. 2022 இறுதியில் வந்த சட்டப்படி, நியூயார்க் மாநிலத்தில் கவுன்டிகளும் மற்ற உள்ளாட்சிகளும் விரும்பினால் தன்னார்வலரின் வீட்டு மதிப்பில் 10 சதவீதம் வரை விலக்குத் தரலாம். விரும்பினால் என்பதுதான் விஷயம். உள்ளூரில் போர்டு தனியாகத் தீர்மானம் போட வேண்டும். அங்கே கை தூக்குகிறார்களா என்று பார்த்தால் பிரகடனத்தின் எடை தெரிந்துவிடும்.

பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்துபோனால்?

பேட்ஜின் குறுக்கே கறுப்புப் பட்டை கட்டுவார்கள். கொடி அரைக்கம்பத்தில் இறங்கும். தீயணைப்பு வீரர் என்றால் மணி அடிப்பார்கள். பல இடங்களில் ஐந்து ஐந்தாக மூன்று தடவை, தந்திக் கம்பி வழியாகச் செய்தி போன காலத்துச் சங்கேதம் அது. காவலரோ டெபுட்டியோ என்றால் ரேடியோவில் கடைசி அழைப்பு ஒன்று வரும். டிஸ்பேட்சர் அவருடைய யூனிட் எண்ணைக் கூப்பிடுவார். பதில் வராது. மறுபடி கூப்பிடுவார். பதில் இல்லை. அதன்பிறகு அவர் பெயரையும் பணிக்காலத்தையும் சொல்லி, பணி முடிந்தது, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அலைவரிசையில் அறிவிப்பார். கவுன்டி முழுக்க எல்லா வண்டிகளிலும் அது கேட்கும்.

குடும்பத்துக்குப் பணம் கவுன்டியிடமிருந்து மட்டும் வருவதில்லை. பொதுப் பாதுகாப்பு அலுவலர்களுக்கான மத்திய உதவித் திட்டம் 1976 முதல் இருக்கிறது. பணி தந்த மன அதிர்ச்சியால் தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பங்கள் நெடுங்காலம் அதற்கு வெளியே நின்றன. 2022-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அவர்களுக்கும் வழி திறந்தது. காவலர்களுக்கான தேசிய நினைவிடம் வாஷிங்டனில் 1991-இல் திறக்கப்பட்டது; தீயணைப்பு வீரர்களுடையது மேரிலாந்தின் எமிட்ஸ்பர்க்கில் இருக்கிறது.

இந்தப் பட்டியலில் யார் விட்டுப்போகிறார்கள்?

சைரன் இல்லாதவர்கள். பனிப்புயல் இரவில் ஆம்புலன்ஸுக்கு முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டு போகிற டிரக் ஓட்டுநர். சிறையில் மருந்து கொடுக்கும் நர்ஸ். கொடுமைப்படுத்தப்பட்ட குழந்தையை வீட்டிலிருந்து மீட்டு வரும் சமூகநலப் பணியாளர். உடற்கூறாய்வு அலுவலகத்தில் பெயர் தெரியாத உடலுக்குப் பெயர் கண்டுபிடிப்பவர். 2020 அதிபர் தேர்தலுக்குப் பிறகு மிரட்டல் ஃபோன்களுக்கு நடுவே ஓட்டுச்சீட்டு எண்ணிய தேர்தல் அலுவலக எழுத்தர்கள். மே முதல் வாரத்துப் பொதுப் பிரகடனத்தில் இவர்கள் எல்லாரும் அடக்கம் என்பார்கள். எல்லாரும் அடக்கம் என்றால் யார் முகமும் தனியாகத் தெரியாது.

நான் பார்த்தவரை, நன்றாகச் செய்யும் போர்டுகள் பதவிப் பெயரைச் சொல்வதோடு நிற்பதில்லை. ஒரு சம்பவத்தைச் சொல்கின்றன. என்ன இரவு, எந்தச் சாலை, யார் என்ன செய்தார்கள் என்று வரும்போது கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதெல்லாம் தேர்தலுக்காக எடுக்கிற படம்தானே?

ஓரளவுக்கு ஆமாம். யூனிஃபார்மோடு நிற்கிற படம் ஓட்டுத் துண்டறிக்கையில் நன்றாக இருக்கும். ஆனால் அதே மேடையில், அதே ஆட்கள், சில வாரம் கழித்து பட்ஜெட்டையும் நிறைவேற்றுகிறார்கள். 911 மையத்தில் எத்தனை நாற்காலி காலி, கட்டாய ஓவர்டைம் எவ்வளவு, ஆம்புலன்ஸ் சேவையைக் கட்டாயச் சேவையாக மாநிலம் அறிவிக்காத இடத்தில் கவுன்டி அதற்குத் தானாகப் பணம் ஒதுக்குகிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். இரண்டு கூட்டங்களின் வீடியோவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கவுன்டிகள் அவற்றை இணையத்தில் போட்டு வைக்கின்றன.

மரியாதையும் கொள்கையும் ஒரே கையிலிருந்து வந்த உதாரணமும் உண்டு. 1960-களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி தீயணைப்பு வீரர்களுக்கு, நோயாளி இருக்கும் இடத்திலேயே அவசர சிகிச்சை தரும் பாராமெடிக் பயிற்சி கொடுத்தது. ஆனால் மருத்துவமனைக்கு வெளியே அவர்கள் ஊசி போடச் சட்டம் இடம் தரவில்லை. கூடவே ஒரு நர்ஸும் வண்டியில் போக வேண்டியிருந்தது. கவுன்டி போர்டு உறுப்பினரான சூப்பர்வைசர் கென்னத் ஹான் விடாமல் அழுத்தம் கொடுத்தார். 1970-இல் அந்தத் தடையை நீக்கும் வெட்வொர்த்-டவுன்சென்ட் சட்டம் வந்தது, அப்போது கலிபோர்னியா ஆளுநராக இருந்த ரீகன் கையெழுத்திட்டார். அந்த வீரர்களுக்கு ஆயிரம் கேடயம் கொடுத்திருந்தாலும் இதற்கு ஈடாகியிருக்காது.

எங்கள் வீட்டுக்கு வந்து உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். என்ன செய்யலாம்?

கடிதம் எழுதுங்கள். தேதி, நேரம், தெரு, வண்டியின் பக்கவாட்டில் இருந்த எண் ஆகியவை இருந்தால் யார் வந்தார்கள் என்று துறையே கண்டுபிடித்துவிடும். டிஸ்பேட்சரை மறந்துவிட வேண்டாம். 911-ஐ அழைத்த நேரத்தைச் சொன்னால் அவரையும் தேடி எடுப்பார்கள். ஷெரிஃபுக்கோ தீயணைப்புத் தலைவருக்கோ போகும் பாராட்டுக் கடிதம் ஊழியரின் பணிக் கோப்பில் சேரும். பதவி உயர்வு சமயத்தில் அதைப் பார்ப்பார்கள். போர்டு பிரகடனமோ விருதோ வேண்டுமென்று நினைத்தால் போர்டின் கிளார்க் அலுவலகத்துக்கோ உங்கள் பகுதி உறுப்பினருக்கோ எழுதலாம்.

மருத்துவ ரகசியச் சட்டம் இருப்பதால் நோயாளியின் பெயரைத் துறை தானாக வெளியிடாது. மேடையில் சந்திக்க நீங்கள் தயார் என்றால் அதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

நேரில் பேசவும் முடியும். போர்டு கூட்டங்களில் பொதுமக்கள் பேச ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஒதுக்குவார்கள். அதற்குக் குடியுரிமை வேண்டியதில்லை, விசாவில் இருப்பவரும் பேசலாம். ஆங்கிலம் தடுமாறும் என்று பயந்து அப்பா அம்மாவை உட்கார வைத்துவிடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கிளார்க்கிடம் கேளுங்கள், பெரிய கவுன்டிகளில் ஏற்பாடு செய்து தருவார்கள். இல்லாவிட்டால் அவர்கள் தமிழில் பேச, நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லலாம். அப்படியானால் கூடுதல் நேரம் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணமோ கிஃப்ட் கார்டோ கொண்டுபோக வேண்டாம், வாங்கினால் அவர்களுக்குத்தான் சிக்கல். ஸ்டேஷனுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கலாமா என்றால், முதலில் ஃபோன் போட்டுக் கேளுங்கள். சில இடங்களில் கடையில் வாங்கிய, பிரிக்காத பெட்டியை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். முந்திரி, பாதாம் இருந்தால் மேலே எழுதி ஒட்டுங்கள். நட்ஸ் அலர்ஜி உள்ளவர் அந்த ஷிஃப்டில் இருக்கலாம்.